கழுதைப்பொட்டல் ஊருக்குள் வந்தது

நெட்டூரணியில் ஜாக்கெட் தைக்கிற பஞ்சவர்ணத்துக்கு ஊரிலுள்ள அத்தனை பெண்களின் தோள் அகலமும் கை நீளமும் மனப்பாடம், அளவு கொடுக்க நிற்கிற இரண்டு நிமிஷத்தில் அவர்கள் சொல்லிவிட்டுப் போகிற குறைகளும் மனப்பாடம், அதனால் எந்தத் தெருக் குழாயில் காற்று மட்டும் வருகிறது, யார் பேரை ரேஷன் அட்டையில் செத்தவர் என்று அடித்துவிட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குக் கதவில்லை என்பதெல்லாம் தாலுகா ஆபீஸுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் புருஷன் கருமலையான் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஏட்டு. லத்தியை எங்கே சாய்த்துவைப்பது என்று இடம் தேடியே முப்பத்தேழு வருஷ சர்வீஸில் பாதியைக் கழித்த மனுஷன் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம், அவரும் அதை மறுத்ததில்லை. ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

எங்கள் ஊர் எதை வாங்கியிருந்தாலும் தாலுகா ஆபீஸ் வாசல் வாகை மரத்தடியில் உட்கார்ந்துதான் வாங்கியது. காலை ஏழு பத்து பஸ்ஸை அங்கே உட்கார்ந்து வாங்கினோம், பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரை அங்கே உட்கார்ந்து வாங்கினோம், மேலத்தெருக்காரர்கள் சுடுகாட்டுக்குப் பாதை வாங்கியதும் ஊர் முழுக்கச் சேர்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு வாங்கியதும் அதே நிழலில்தான். அந்த வருஷம் தை மாதம் பிரசவ டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு வார்டைப் பூட்டினார்கள். பூட்டிய ஒன்பதாம் நாள், கருவாடு விற்கிற அமலோற்பவத்தின் மகள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓடுகிற பஸ்ஸில், நாலாவது சீட்டுக்கும் ஐந்தாவது சீட்டுக்கும் நடுவே பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது. தாய்க்கு இரண்டு மாதம் எழுந்திருக்க முடியவில்லை. சரி, உட்காரவேண்டியதுதான் என்று ஊர் கிளம்பிப் போனபோது வாகை மரத்திலேயே நாலு ஆணி அடித்து ஓர் ஆணையை மாட்டியிருந்தார்கள்.

இனி தாலுகா ஆபீஸ் வாசலிலும் கடைவீதியிலும் பஸ் ஸ்டாண்டிலும் யாரும் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது, அட்டை பிடிக்கக் கூடாது, குறை இருப்பவர்கள் பத்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து, தகப்பன் பேர் அல்லது கணவன் பேரோடு ஐம்பது பேருக்கு மிகாமல், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, அதற்கென்று அனுமதிக்கப்பட்ட சர்வே எண் 417/2-இல் மட்டும், அடுத்தவர் காதுக்குத் தொந்தரவில்லாமல் ஆர்ப்பாட்டம் செய்துகொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. சர்வே எண் 417/2 என்பது கழுதைப்பொட்டல். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். மிளகாய்க் காடுகளையெல்லாம் தாண்டி, பஸ் போகிற ரோடும் வளைந்து வேறு பக்கம் போய்விட்ட பிறகு, முள் அடர்ந்த இரண்டு உடைமரமும் காற்றும் மட்டும் இருக்கிற ஓர் ஏக்கர் வெற்றிடம். அதற்கு நாலு மூலையிலும் கல் நட்டு, கம்பி கட்டி, போர்டும் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பஞ்சவர்ணத்தின் தையல் கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம். பிரசவ வார்டைக் கேட்போம் என்றார்கள் சிலர், தண்ணீரைக் கேட்போம் என்றார்கள் சிலர், அவளோ மெஷினை நிறுத்தாமல் ஒரு கையை முழுக்க ஓட்டி முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்.

“மத்ததையெல்லாம் அப்புறம் கேப்போம். மொதல்ல கேக்குறதுக்கு எடத்தக் கேப்போம்.”

“அதக் கேக்கவும் கழுதைப்பொட்டலுக்குத்தான போகணும்?” என்றாள் அமலோற்பவம்.

“போவோம். சட்டப்படி போவோம்.”

அறுபது நாளைக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பமாக எழுதிக்கொண்டு போனாள். வாங்கிய குமாஸ்தா சிரித்துவிட்டு அறுபது நாளைக்கும் அனுமதி போட்டுக் கொடுத்தார். அந்த வெயிலில் மூன்றாம் நாள் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

மாசி மாதம் பதினோராந்தேதி ஐம்பது பேர் மினிபஸ்ஸில் போய் இறங்கினோம். காவலுக்கு ஏட்டய்யா கருமலையான், குடையும் ரிஜிஸ்தருமாகக் கம்பிக்கு வெளியே நின்றிருந்தார். தலை எண்ணிப் பேர் எழுதிக்கொண்டு வந்தவர் பதினேழாவது ஆளிடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பேரு?”

“பஞ்சவர்ணம்.”

“கணவன் பேரு?”

பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் அவள் வயசுக்காரர்களுக்குக் கிடையாது. “ஏட்டய்யாவுக்கே தெரியும்” என்றாள். ஐம்பது பேரும் சிரித்தோம். அவர் தம் பேரைத் தாமே எழுதிக்கொண்டு பதினெட்டாவது ஆளுக்குப் போனார்.

அன்று முழுக்கக் கத்தினோம். “இடம் கொடு, இடம் கொடு, கேட்பதற்கு இடம் கொடு” என்று கத்தினோம். காற்று அதை வாங்கி எதிர்ப்பக்கம், ஊரே இல்லாத பக்கம், கொண்டுபோய்க் கொட்டியது. வெள்ளாடு நாலைந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. கத்திக் களைத்த நேரங்களில் பஞ்சவர்ணம் மடியில் வைத்துக் கொக்கி தைத்தாள், மற்றவர்கள் உறங்கினார்கள். நாலு மணிக்கு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக் கம்பியைத் தாண்டியவள் அப்படியே நின்றாள். காலையில் வரும்போது, ஊர்ப் பக்கத்துக் கம்பிக்கு எட்டடி தள்ளி, பழைய ரோட்டின் கிலோமீட்டர் கல் ஒன்று இருந்தது. இப்போது கல் கம்பியை ஒட்டி இருந்தது. கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தாள். ஓரடி.

“ஏழடி நகர்ந்திருக்கு” என்றாள், ஜாக்கெட் உயரம் சொல்கிற குரலில்.

அமலோற்பவம் வந்து பார்த்தாள். “கல்லா? பொட்டலா?”

“கல்லு பூமிக்குள்ள இருக்கு. பொட்டல்தான் வந்திருக்கு.”

“நாம போட்ட சத்தத்துல அதுக்கே பாவமா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் மினிபஸ்ஸில் இடம் பிடிக்க ஓடினாள். மறுநாள் பதினோரடி. அதற்கு மறுநாள் இருபது. முதல் வாரம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு அரைப் பர்லாங்கு என்றாகி, அப்புறம் நடை பழகிய பிள்ளைபோல ஒரே சீராக ஒரு பர்லாங்குக்கு வந்து நின்றது. நாங்கள் உட்கார்ந்தால் கிளம்பும். நாலு மணிக்கு எழுந்தால் நின்றுவிடும். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஊருணியில் தெப்பத்தில் இருப்பதுபோல லேசான ஆட்டம் தெரியும், அவ்வளவுதான், அதுவும் ஒத்துக்கொள்ளாத இரண்டு பேருக்கு அமலோற்பவம் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொண்டிருக்கச் சொன்னாள்.

முன்னால் மிளகாய்க் காடு வந்தபோது எல்லோருக்கும் கவலையாகிவிட்டது, ஏனென்றால் அது நாகூர்கனியின் காடு, முழுக்கப் பழுத்து நின்றது, அவர் அந்த ஐம்பது பேரில் ஒருவரும் இல்லை. அவர் வரப்பிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு என் மேல ஏறிப் போங்க என்றார். பொட்டல் வந்தது. பஸ்ஸில் முக்கால் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர், கைப்பிள்ளைக்காரியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாரே, அதுபோல மிளகாய்ச் செடிகள் வேரோடு வரிசையாக ஒதுங்கி இடம் விட்டன, நாகூர்கனி படுத்திருந்த வரப்பும் அவரோடு சேர்ந்து ஒதுங்கியது, பொட்டல் கடந்து போனதும் வரப்பும் செடிகளும் பழைய இடத்துக்கு வந்து நின்றன. ஒரு பழம் உதிரவில்லை. நாகூர்கனி எழுந்து இரண்டு தடவை தம் காட்டைச் சுற்றி வந்தார், பிறகு வேலியோரம் ஓடிவந்து, “நாளைக்கு என் பேரையும் எழுதிக்கங்க ஏட்டய்யா” என்று மூச்சு வாங்கினார். “ஐம்பதுக்கு மேல கூடாது பாய்” என்றார் கருமலையான். “அப்ப ஒரு ஆள எறக்கி விடுங்க!” என்றார் நாகூர்கனி.

அப்படித்தான் முறை வைத்துப் போகிற பழக்கம் வந்தது. பொட்டலில் இன்னும் இடமிருந்தும் ஐம்பத்தோராவது ஆள் ஏறமாட்டார். முடிவெட்டுகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போனார்கள், ஏனென்றால் அன்று கடை கிடையாது. வாத்தியார்கள் சனிக்கிழமை போனார்கள். கல்யாணம் பேசுகிற இரண்டு குடும்பங்கள், எப்படியும் பகல் முழுக்க உட்கார்ந்துதானே பேசவேண்டும் என்று, அங்கே வந்து உட்கார்ந்து பேசி முடித்தார்கள். காயப்போட்ட மிளகாய்க் களத்தைப் பொட்டல் கடந்த வெள்ளிக்கிழமை ஐம்பது பேரும் ஒன்றுபோல் தும்மினார்கள், கோஷமே போட முடியவில்லை, அன்றைக்கு ரிஜிஸ்தரில் ஏட்டய்யா ‘அமைதியாக நடந்தது’ என்று எழுதினார்.

மஞ்சள் துணி கட்டி, கற்பூரம் ஏற்றி, இது தெய்வம் என்று சொல்லவும் சிலர் வந்தார்கள். பஞ்சவர்ணம் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டாள். “இன்னைக்குக் கற்பூரம் ஏத்துவீங்க, நாளைக்கு உண்டியல் வைப்பீங்க, நாளன்னைக்கு எங்களையே வெளிய நின்னு கும்பிடச் சொல்லுவீங்க. வேணாஞ்சாமி. உக்காரணும்னா உக்காருங்க.” வந்தவர்கள் கற்பூரத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் தனுஷ்கோடியை அனுப்பினார்கள். சங்கிலியும் வரைபடமுமாக அவர் மூன்று நாள் அளந்தார். நாலு கல்லுக்கும் நடுவே அதே ஓர் ஏக்கர், அதே உடைமரம் இரண்டு, கல்லில் வெட்டிய எண்ணும் அதேதான். பொட்டல் கிளம்பிய இடத்தில் குழி எதுவும் உண்டா என்று போய்ப் பார்த்தார், பக்கத்து நிலங்கள் நெருங்கிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் மத்தியானம் பஞ்சவர்ணத்தின் இஞ்ச் டேப்பை வாங்கித் தம் சங்கிலியோடு ஒத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் சரியாத்தாம்மா இருக்கு” என்று களைத்துப்போய் உட்கார்ந்தார். அமலோற்பவம் புளிச்சோறு கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக நிலம் அளக்கிறேன், ஒரு நிலமும் இப்படி என்னை உட்காரவைத்ததில்லை என்று அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

இதற்கெல்லாம் நடுவில் ஏட்டய்யா வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஊருக்கு ஆசையாக இருந்தது. அப்படியொன்றும் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் பஞ்சவர்ணம் பிற்பாடு சொன்னாள். ஒரே ஒரு காலையில், அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டும் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டும் இருந்தபோது பேசிய பேச்சு உண்டு.

“நீங்க உக்காந்தா நகருது, எந்திரிச்சா நிக்குது. நான் என்னத்த எழுத?”

“கண்ணால பாத்தத எழுதுங்க.”

“பாத்தத எழுதுனா, இந்த ஆளுக்குக் கிறுக்குன்னு வீட்டுக்கு அனுப்பிருவானுக.”

“வீட்டுக்குத்தான? நான் இருக்கேன்ல.”

அவர் ஒரே பூட்ஸை இரண்டு தடவை துடைத்தார்.

இருபத்தெட்டாம் நாள் பொட்டல் ஊர் எல்லைக்குள் நுழைந்தது. ஆசாரிமார் தெரு பன்னிரண்டடி அகலம், பொட்டல் ஓர் ஏக்கர், எப்படி நுழையும் என்று பார்க்க மாடியெல்லாம் ஆள். வீடுகள் இரண்டு பக்கமும் தோளை ஒடுக்கிக்கொண்டு நகர்ந்தன. சுவர்த் தகராறில் பதினாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளின் அடுப்படி ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று நேராக, ஒரு முழம் இடைவெளியில் வந்து நின்றுவிட்டன. உள்ளே இருந்த இரண்டு பெண்களும் கொஞ்சநேரம் வேறெங்கோ பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, “கறிவேப்பிலை இருக்கா?” என்று கேட்டாள். மற்றவள் எடுத்துக் கொடுத்தாள். பொட்டல் கடந்ததும் எல்லா வீடுகளும் பழைய இடத்துக்குப் போயின, அந்த இரண்டு மட்டும் இன்றைக்கும் அதே ஒரு முழ இடைவெளியில்தான் நிற்கின்றன, யாரும் புகார் கொடுக்கவில்லை.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் இளவழகன் ஏட்டய்யாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. மேலேயிருந்து அவரைப் போனிலேயே வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டய்யா, ஒரே வரி. ‘ஆர்ப்பாட்டக்காரர்கள் அனுமதிக்கப்பட்ட இடத்தை விட்டு வெளியேறினர்.’ காவலுக்கு நின்னது நீங்க, நீங்க எழுதுனாத்தான் செல்லும். எழுதிக் கையெழுத்தப் போடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

“அவங்க வெளியேறலைங்கய்யா.”

“எனக்குத் தெரியாதா? நானும் மாடியில நின்னு பாத்தேன். எட்டு மாசத்துல ரிட்டயர்டு ஆகுற மனுஷன், சும்மா சிக்கிக்காதீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசிச்சுக்கங்க.”

கருமலையான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். “எழுதிக் குடுத்தா உங்கள உள்ள தூக்கிப் போடுவாங்க. குடுக்காட்டி என்னயத் தூக்கி வெளிய போடுவாங்க. நீ சொல்லு, என்ன செய்ய?”

பஞ்சவர்ணத்துக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவள் சொல்லவில்லை. “நான் சொல்ல மாட்டேன். என் பேச்சக் கேட்டு எழுதுனீங்கன்னா ஆயுசுக்கும் என்னையச் சொல்லிக் காட்டுவீங்க. அது நீங்க எழுதுற எழுத்து” என்றாள். அன்றைக்கு அவள் தைத்த ஜாக்கெட் ஒன்றில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, மறுபடி பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பொட்டல் கடைவீதி முனையில் இருந்தது. இருபத்தெட்டு நாளாகக் கம்பிக்கு வெளியே கூடவே நடந்து வந்த ஏட்டய்யா, அன்றைக்கு மத்தியானம் குடையை மடக்கி வைத்துவிட்டு முதல் தடவையாகக் கம்பியைத் தாண்டி உள்ளே வந்தார். நாங்கள் கோஷத்தை நிறுத்திவிட்டோம். அவர் யாரையும் பார்க்காமல் குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்தார். கன்று போடப்போகிற மாட்டின் விலாப்போல மண் சூடாக இருந்தது, உள்ளுக்குள்ளே எதுவோ அசைந்தது. கொஞ்சநேரம் கையை எடுக்காமல் இருந்தார். பிறகு, இருபத்திரண்டு வயசில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாறாத தம் குண்டுக் கையெழுத்தில், ரிஜிஸ்தரை முழங்காலில் வைத்து எழுதினார்:

‘ஐம்பது பேரும் அனுமதிக்கப்பட்ட சர்வே எண் 417/2-ஐ விட்டு ஒருபோதும் வெளியேறவில்லை. மேற்படி சர்வே எண்தான் ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்க எனக்கு உத்தரவு இல்லை. கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறேன். கருமலையான், தலைமைக் காவலர்.’

அதன் கீழே, அன்றைக்கும் அங்கே வந்திருந்த சர்வேயர் தனுஷ்கோடியும், யாரும் கேட்காமலே, ‘அளந்து பார்த்தேன், உண்மை’ என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. அனுமதி மீறல் என்று எழுத முடியாததால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எழுதி ஐம்பது பேரையும் ஏற்றினார்கள். ஒருத்தரும் திமிறவில்லை. படி உயரம் என்பதால் ஏட்டய்யாதான் ஒவ்வொருத்தருக்கும் கை கொடுத்து ஏற்றிவிட்டார், பதினேழாவது ஆளுக்கும் கை கொடுத்தார், “தைச்ச துணிப் பையை விட்டுட்டியே” என்று ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தார். “எழுதிட்டேன்” என்றார் மெதுவாக. “என்னன்னு?” என்று அவள் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, வேன் கதவு சாத்துகிற வரைக்கும் அவர் விரலை விடாமல் பிடித்திருந்தாள்.

எல்லோரையும் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள், எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், மத்தியானச் சாப்பாடு போட்டு ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். அங்கேயும் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். மண்டபம் நகரவில்லை. அமலோற்பவத்துக்குத்தான் ரொம்ப ஏமாற்றம். “பாரேன், கல்யாணத்துக்குத்தான் வாடகைக்கு விடுவேங்குது” என்றாள்.

ஆனால் கடைவீதி முனையில் நடந்தது வேறு. வேன் போனதும் பொட்டல் நின்றுவிட்டது. அதைச் சுற்றிக் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, அதுவரை ஒருநாளும் முறை கேட்காத பாத்திரக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பூக்காரிகள் இரண்டு பேர். அப்புறம் ஏழு பத்து பஸ்ஸின் கண்டக்டர். நாப்பத்தொன்பது வரைக்கும் எண்ணிக் கருமலையான் நிமிர்ந்து பார்த்தபோது, ஐம்பதாவதாக, சுவரைப் பிடித்துப் பிடித்து அமலோற்பவத்தின் மகள் வந்துகொண்டிருந்தாள், தோளில் அந்தப் பஸ் பிள்ளை தூங்கியது. பிள்ளையைச் சேர்த்தால் ஐம்பத்தொன்று. ஏட்டய்யா பிள்ளையை எண்ணவில்லை. பொட்டல் கிளம்பியது.

அடுத்த திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள், சரியாகப் பதினோரு மணிக்குப் பொட்டல் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தது. வாகை மரம் தன் வேரைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, உடைமரங்கள் இரண்டுக்கும் பக்கத்தில் நின்றது. எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை, முப்பத்து மூன்று நாளாகப் போட்ட கோஷத்தைத்தான் போட்டோம், “இடம் கொடு, இடம் கொடு, கேட்பதற்கு இடம் கொடு” என்று, ஆனால் இந்தத் தடவை அது எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி எங்கள் காதிலேயே விழுந்தது. சிலர் அழுதுவிட்டார்கள். அன்றைக்கு மனு வாங்க வந்திருந்த கோட்டாட்சியர் வெளியே வந்தார். வயசு முப்பதுகூட இருக்காது. ஏட்டய்யா எழுதிய தாள் அவர் கையில் இருந்தது, அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பார்போல, மடிப்பெல்லாம் நைந்திருந்தது. கம்பிக்கு வெளியே நின்று, “இது எப்படி நடந்தது?” என்று கேட்டார்.

“நீங்க குடுத்த எடந்தான் சார்” என்றாள் பஞ்சவர்ணம். “நாங்க எந்திரிக்கவே இல்ல.”

அவர் அந்தத் தாளை மறுபடி பார்த்தார், உடைமரத்தைப் பார்த்தார், உள்ளே போனார். பங்குனி கடைசியில் ஆணை திரும்பி வந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காரலாம், தகவல் சொன்னால் போதும், ஆள் கணக்கு கிடையாது. மைக் மட்டும் கூடாது என்று ஒரு வரியை விடாமல் வைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி வழக்கு இன்னும் நடக்கிறது.

கருமலையானை மட்டும், துறையைக் கேலிக்கு உள்ளாக்கினார் என்று சொல்லித் தற்காலிகப் பணி நீக்கம் செய்தார்கள். உத்தரவைக் கையில் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் இளவழகன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு மாசம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள், ஓய்வும் ஒழுங்காகத்தான் கிடைத்தது, ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தொப்பியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டு அவர் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பஞ்சவர்ணம் சமாதானம் சொல்லவில்லை, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவர் எடுத்த காஜாவில் எந்தப் பட்டனும் நுழையவில்லை.

மூன்றாம் நாள், பூட்டிய பிரசவ வார்டைத் திறக்கச் சொல்லி, வாசலுக்கு வந்து நின்ற அந்தப் பொட்டலிலேயே ஊர் உட்கார்ந்தது. வேட்டியும் சட்டையுமாக அவரும் கூட வந்தார். வந்தவருக்கு உட்காரத் தெரியவில்லை. எத்தனையோ கூட்டத்தை நின்றே பார்த்த மனுஷன், காலை மடக்கவும் வராமல் நீட்டவும் வராமல் திண்டாடி, கடைசியில் பஞ்சவர்ணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு தரைக்கு வந்தார். நாகூர்கனி அவருக்குச் சாய்ந்துகொள்ளத் தம் துண்டைச் சுருட்டிக் கொடுத்தார்.

“ஏட்டய்யா ஒரு கோஷம் போடட்டும்!” என்று அமலோற்பவம் கிளப்பிவிட்டாள். கூட்டம் பிடித்துக்கொண்டது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார், காது மடல் சிவந்துவிட்டது, நாங்கள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அணிவகுப்பு மைதானத்தில் பழகிய அந்தப் பெரிய குரல், நாங்கள் யாருமே அதுவரை கேட்டிராத குரல், அவருக்கே தெரியாமல் வெளியே வந்தது.

“எல்லாரும் கலைஞ்சு...”

அவ்வளவில் நின்றுவிட்டார். கூட்டத்தை நோக்கி அவருக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். கண்ணைத் திறந்து பொண்டாட்டியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

“கலைய மாட்டோம்! வார்டைத் திறக்காமக் கலைய மாட்டோம்!”

தாலுகா ஆபீஸ் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாங்கள் திருப்பிச் சொன்னோம், அவர் மறுபடி சொன்னார், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் நாலு மணி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவருக்குத் தொண்டை முழுக்கக் கட்டிவிட்டது. பஞ்சவர்ணம் கடையில் நின்று பனங்கற்கண்டும் மிளகும் வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு நடந்தார், வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், அவரும் பழக்கத்தில் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பாதியில் இறக்கிக் கும்பிட்டார்.

“ரொம்பச் சத்தமாப் போட்டுட்டனோ?” என்றார், காற்றுபோல வந்த குரலில்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சாம்.”

அவர் அதை யோசித்துக்கொண்டே நடந்தார். தெருமுனை திரும்பும்போது கேட்டார்.

“நாளைக்கும் போடணுமா?”

“நாளைக்கும் போடணும்” என்றாள் பஞ்சவர்ணம்.